தண்டாலும் தோள்மூட்டும்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள், பாப்பாரப்பட்டிப் பக்கத்துச் சங்கம் ஒன்றில், தவணை தவறிய நகைக்கடன்களின் பட்டியலைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தேன். ஆண்டுதோறும் குறித்த நாளுக்கு முன்பே வட்டியைச் செலுத்திக் கடனைப் புதுப்பித்துவந்த அங்கத்தினர் ஒருவரின் பெயர் அப்பட்டியலில் இருந்தது. இருபத்தாறு வயது இளைஞர், குழித்தறி நெசவாளர், பேரவைக் கூட்டங்களுக்குத் தவறாது வருபவர். காரணம் யாதெனக் காரியதரிசியைக் கேட்டேன். “தறி ஓடலைங்க சார். கையைத் தூக்க முடியலைன்னு சொல்றாங்க” என்றார்.

பிற்பகலில் அவர் இல்லத்துக்குச் சென்றேன். திண்ணையில் அவருடைய தாயார் தார் சுற்றிக்கொண்டிருந்தார். உள்ளே, பாதி நெய்த சேலையோடு தறி நின்றிருந்தது. பாவின்மேல் ஒரு பழைய வேட்டியைப் போர்த்தியிருந்தார்கள். ஆறு வாரமாக அது அப்படியே கிடக்கிறதென்று அறிந்தேன். விபத்து ஏதேனும் நேர்ந்ததா என்று கேட்டதற்கு அந்த அம்மையார் சற்று நேரம் பதில் கூறவில்லை. பிறகு, “தறியிலே உட்கார்ந்து கை கெட்டுப்போச்சுன்னா நாலு பேர்கிட்டே சொல்லலாங்க சார். தண்டால் எடுத்துக் கை போச்சுன்னு எப்படிங்க சொல்றது?” என்றார்.

நடந்தது இதுதான். ஊர்த் திடலில் மாலைதோறும் காவலர் தேர்வுக்கு ஆயத்தம் செய்யும் நண்பர் சிலரோடு இவரும் சேர்ந்திருக்கிறார். யார் முதலில் ஒரே மூச்சில் நூறு தண்டால் எடுப்பது என்று பந்தயம் எழுந்திருக்கிறது. பத்தாம் நாள் வலத் தோளில் குத்தல் கண்டது. வலி வந்தால்தான் வலிமை வரும் என்று உடனிருந்தோர் கூற, அதன் மேலும் எடுத்திருக்கிறார். மூன்றாம் வாரத்தில் சட்டை போடக் கையை உயர்த்த இயலவில்லை. யாரோ ஒருவர் எண்ணெய் தடவிச் சுளுக்கெடுப்பதாகக் கூறிக் கையைப் பற்றி இழுத்திருக்கிறார்; அதோடு தறிக்குழியில் இறங்குவதும் நின்றது. தறியில் நாடாவை ஓட்டும் கயிற்றை இழுப்பது வலக்கை. அந்தக் கை நின்றால் குடும்பத்தின் வரவு நின்றது. அடகில் இருந்ததோ மனைவியின் தாலிக்கொடி.

அங்கத்தினர் ஒருவரின் தோள் கெட்டதைக் கூட்டுறவு இதழில் எழுதுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். நெசவாளருக்கும் உழவருக்கும் மணிக்கட்டும் முழங்கையும் தோளுமே முதல். கிணற்றையும் தறியையும் ஈடாக எழுதிக்கொள்கிறோம்; அவற்றை இயக்கும் மூட்டுகளைப் பற்றி எந்தப் பதிவேட்டிலும் ஒரு வரி இல்லை. தண்டால் கெட்ட பயிற்சியன்று. செலவில்லாதது, இடம் கேட்காதது, ஒழுங்காகச் செய்தால் மூட்டையே காப்பது. ஒழுங்கின்றிச் செய்தால் நேர்வது இவ்விளைஞருக்கு நேர்ந்தது.

இதனைச் சொல்லும் தகுதி எனக்கு ஒரு வகையில் உண்டு. கல்லூரி நாட்களில் என் இடத் தோளை நானே இவ்வாறு கெடுத்துக்கொண்டேன். அணியில் நின்று எண்ணிக்கைக்கு ஏற்ப எடுக்க வேண்டும். எப்படி எடுக்கிறோம் என்பதை எவரும் பார்த்ததில்லை. சத்தம் மட்டும் ஒன்றுபோல வந்தால் போதும் என்பதே எங்களுக்குப் பயிற்சி அளித்தவரின் கொள்கை. இன்றும் மழைக்காலத்தில் பேருந்தின் மேற்கம்பியைப் பிடித்து நிற்கையில் அந்தத் தோள் அவரை நினைவூட்டும்.

பாப்பாரப்பட்டிக்கு உடலின் அருமையைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. தொழுநோயால் நலிந்த உடலோடு, இரயிலேறத் தடை விதிக்கப்பட்ட நிலையில், நடந்தும் வண்டியிலும் ஊர்தோறும் சென்று பேசிய சுப்பிரமணிய சிவா பாரதாசிரமம் கண்டதும், 1923இல் சித்தரஞ்சன் தாசைக் கொண்டு பாரத மாதா ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டுவித்ததும், 1925 ஜூலை 23ஆம் நாள் நாற்பதே வயதில் கண்மூடியதும் இவ்வூரில்தான். ஒத்துழைக்க மறுத்த உடலைக் கொண்டு அவர் செய்த காரியங்களை நினைக்கும்போது, நல்ல உடலை ஒரு பந்தயத்துக்காகக் கெடுத்துக்கொள்வது எனக்குப் பெரும் விரயமாகத் தோன்றுகிறது.

நிற்க. தண்டால் நம் நாட்டின் பழைய பயிற்சி. மற்போர்க் களங்களில் தண்டாலும் பஸ்கியும் கரலாக்கட்டையும் இன்றியமையாதவையாக இருந்துவந்தன. 1910இல் இலண்டன் சென்று போலந்து நாட்டு மல்லர் ஸ்பிஸ்கோவுடன் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் பொருது, 1928இல் பட்டியாலாவில் அதே மனிதரை ஒரு நிமிடத்துக்குள் வீழ்த்திய காமா பயில்வான், நாள்தோறும் ஆயிரக்கணக்கில் தண்டால் எடுத்தவர் என்பர். ஔந்து நாட்டு மன்னர் பவன்ராவ் பந்து பிரதிநிதி தம் சமஸ்தானத்துப் பள்ளிகளில் பரப்பிய சூரிய நமஸ்காரத்துள்ளும் தண்டாலின் அசைவு அடங்கியிருக்கிறது. நமக்கு அண்மையில் பெங்களூரில் கூடம் அமைத்த கே. வி. ஐயர், பழைய பயிற்சிகளையும் மேனாட்டுப் பயிற்சிகளையும் இணைத்துத் தபால் வழியாகவும் கற்பித்தார். 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, பள்ளிகளுக்கு உடற்பயிற்சி ஆசிரியர்களை ஆயத்தம் செய்தது.

காமாவின் பெயரைச் சொல்லித்தான் திடலில் பந்தயங்கள் எழுகின்றன. அவர் மற்போர்க் குடும்பத்திலே பிறந்து, சிறு பிராயம் முதல் பழகி, அதையே தொழிலாகக் கொண்டவர். பாலும் நெய்யும் பாதாமும் அரசர்கள் அளித்தார்கள். தறிக்குழியில் பத்து மணி நேரம் இருந்துவிட்டு, கேழ்வரகுக் களி உண்டு, மாலை ஆறரைக்குத் திடலுக்கு வருபவர் அவர் கணக்கைப் பின்பற்றுவது, ஓர் ஏக்கர் மானாவாரி உடையவர் பண்ணையார் வாங்கும் அளவுக்குக் கடன் விண்ணப்பம் எழுதுவதை ஒக்கும்.

தண்டாலில் இரு வகை உண்டு. நம் பழைய தண்டாலில் இடுப்பு மேலே உயர்ந்திருக்கும். தலையும் மார்பும் கைகளுக்கிடையே தரையை ஒட்டித் தாழ்ந்து சென்று, முன்னே பாம்பு படமெடுப்பதுபோல் எழும். பின் இடுப்பு உயர்ந்து முதல் நிலைக்குத் திரும்பும். மற்றொன்று, உடலைப் பலகைபோல் நேராக வைத்துக் கீழே தாழ்ந்து மேலே எழுவது; படையிலும் பள்ளியிலும் வழங்குவது. முதல் வகை அழகானது, தோளையும் முதுகையும் நெடுந்தூரம் அசைப்பது. எனினும் இடுப்பு வலி உள்ளவருக்கும் தோள் இறுகியவருக்கும் அதன் இறுதிப் பகுதி ஆகாது. தறியில் குனிந்தே இருப்பவர் முதலில் இரண்டாம் வகையைத் திருத்தமாகக் கற்றுக்கொண்டு, பிறகு பழைய தண்டாலுக்குச் செல்வதே நன்று என்பது என் கருத்து. ஆகவே கீழே கூறுவன எல்லாம் நேர்த் தண்டாலைப் பற்றியவை.

தோள்மூட்டின் அமைப்பை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இடுப்பு மூட்டில் எலும்பின் உருண்டை முனை ஆழமான கிண்ணத்துள் அமர்ந்திருக்கிறது. தோளிலோ கிண்ணம் ஆழமற்றது. சிறு தட்டின்மேல் எலுமிச்சம்பழத்தை வைத்தாற்போன்றது. அதனால்தான் கையை எத்திசையிலும் சுழற்ற முடிகிறது. அதனால்தான் அது எளிதில் கெடவும் செய்கிறது. பழத்தைத் தட்டிலே பிடித்துவைத்திருப்பவை நான்கு சிறு தசைகளும் அவற்றின் நாண்களும். இந்நாண்களுள் மேலே செல்வது, தோளின் உச்சியில் உள்ள எலும்பு வளைவின் அடியில் ஒரு குறுகிய சந்தின் வழியாகச் செல்கிறது. கையை உடலுக்குச் செங்குத்தாக விரித்துக்கொண்டு பாரம் தாங்கினால் அச்சந்து நெருங்கி நாண் நசுங்குகிறது. ஒரு முறை நசுங்கினால் ஒன்றும் நேராது. நாள்தோறும் நூறு முறை நசுங்கினால் வீங்கும். வீங்கினால் சந்து இன்னும் குறுகும். கையைப் பக்கவாட்டில் உயர்த்தும்போது பாதி உயரத்தில் வலி குத்தி, முழுதும் உயர்த்தியபின் குறைந்தால், பெரும்பாலும் இவ்விடத்தில்தான் கோளாறு.

இந்த ஒரு செய்தியிலிருந்தே தண்டாலின் முதல் விதி பிறக்கிறது. முழங்கை உடலிலிருந்து ஏறத்தாழ நாற்பத்தைந்து பாகை அளவே விலக வேண்டும். மேலிருந்து ஒருவர் பார்த்தால் தலையும் இரு கைகளும் அம்பு முனைபோல் தோன்ற வேண்டுமே அன்றிச் சிலுவைபோல் தோன்றலாகாது. உள்ளங்கைகளை முகத்துக்கு நேரே வைத்தால் முழங்கை தானே விரியும். ஆதலின் மார்பின் நடுப்பகுதிக்கு நேரே, தோளினும் சிறிது அகலமாக ஊன்றுக. விரல்களை நன்கு விரித்து, ஆட்காட்டி விரலின் அடிப்பகுதியாலும் தரையை அழுத்துக. பாரம் முழுவதும் மணிக்கட்டின் வெளிப்பக்கக் குழியில் விழுவதே பலருக்கு மணிக்கட்டு நோகக் காரணம்.

உடல் தலை முதல் குதிகால் வரை ஒரே கோடாக இருக்க வேண்டும். நெசவாளருக்கு இதை விளக்க எனக்கு எளிதான வழி ஒன்று உண்டு. பாவு எங்கே தளர்ந்தாலும் துணி அவ்விடத்தில் கெடும் அன்றோ? வயிற்றையும் புட்டத்தையும் இறுக்கிப் பிடிக்காதவரின் இடுப்பு, தளர்ந்த பாவுபோல் தொய்கிறது. அப்போது கீழ் முதுகின் எலும்புகள் ஒன்றோடொன்று அழுந்துகின்றன. சிலர் இதற்கு மாறாக இடுப்பைக் கூரைபோல் தூக்கிக்கொள்வர். அதனால் கேடில்லை, பயனும் இல்லை. தலையைத் தொங்கவிடுவதும் எதிரே வருபவரைப் பார்ப்பதும் வேண்டா. கைகளுக்குச் சற்று முன்னே தரையைப் பார்த்தால் கழுத்து நேராக நிற்கும்.

இறங்கும்போது இரண்டு அல்லது மூன்று விநாடி எடுத்துக்கொள்க. பொத்தென்று விழுந்து எம்பி எழுவதில் உழைப்பது தசையன்று; அதிர்ச்சியைத் தாங்குவன மூட்டும் நாணுமே. மேலே வந்ததும் முழங்கையை வெடுக்கென்று பின்னோக்கி அடித்துப் பூட்டலாகாது. கை நேரானபின் இன்னும் ஒரு விரற்கடை அளவு தரையைத் தள்ளினால் முதுகுப்புறத்துத் தோள்பட்டை எலும்புகள் இரண்டும் விலகி விலாவை அணைத்துக்கொள்ளும். அவற்றை அப்படி அணைத்துப் பிடிக்கும் தசை வலுத்தால் தோளின் சந்து காக்கப்படுகிறது. திடலில் பயிற்சி செய்பவருள் பத்துக்கு ஒன்பது பேர் இந்தக் கடைசி ஒரு விரற்கடையைத் தள்ளுவதில்லை. இறங்குகையில் மூச்சை வாங்கி எழுகையில் விடுக. மூச்சை அடக்கிக்கொண்டு எடுத்தால் இரத்த அழுத்தம் திடீரென்று ஏறும். முன்பே அழுத்த நோய் உள்ளவர்க்கு அது தீங்கு.

எண்ணிக்கையைப் பற்றித் தணிக்கை செய்பவன் என்ற முறையில் ஒரு சொல். திடலில் ஐம்பது என்று உரக்க எண்ணப்படுவதை நான் அருகிருந்து பார்த்திருக்கிறேன். முழங்கை பாதிகூட மடங்காமல் தலை மட்டும் மேலும் கீழும் ஆடிய முறைகளைக் கழித்தால் மிஞ்சியவை பதினொன்று. இருப்புப் பதிவேட்டில் ஐம்பது மூட்டை உரம், கிடங்கில் பதினொரு மூட்டை என்றால் நாம் என்ன செய்வோம் என்பது காரியதரிசிகளுக்குத் தெரியும். இதற்கு எளிய தணிக்கை முறை ஒன்று உண்டு. மார்புக்கு நேர் கீழே ஒரு செங்கல்லைப் படுக்கையாக வைத்து, அதன்மேல் ஒரு துண்டை மடித்துப் போடுக. மார்பு துண்டைத் தொட்டு எழுந்தால் ஒன்று. தொடாதது கணக்கில் சேராது. தோள் இறுகியவர் இரண்டு செங்கற்களை அடுக்கிக்கொள்ளலாம். செங்கல் இருப்பதால் அளவுக்கு மீறித் தாழ்ந்து தோளின் முன்பக்கத்தை நீட்டி நோகச் செய்வதும் தவிர்க்கப்படும்.

அடுத்து, எவ்வளவு பாரம் என்பது. தண்டாலில் கைகள் தாங்கும் எடை எவ்வளவு என்று அளந்து 2011இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. தரையில் எடுக்கும் வழக்கமான நேர்த் தண்டாலில் உடல் எடையில் நூற்றுக்கு 64 பங்கைக் கைகள் தாங்குகின்றன. முழங்காலை ஊன்றி எடுத்தால் 49 பங்கு. கைகளை ஏறத்தாழ ஓரடி உயரத்தில் ஊன்றினால் 55 பங்கு. இரண்டடி உயரத்தில் ஊன்றினால் 41 பங்கு. கால்களை இரண்டடி உயரத்தில் வைத்துக் கையைத் தரையில் ஊன்றினாலோ 74 பங்கு. அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் தரையில் தாங்குவது 38 கிலோ. திண்ணையில் கை ஊன்றினால் 25 கிலோ.

இக்கணக்கைப் படித்தபோது நம் வீடுகளின் அமைப்பே ஓர் உடற்பயிற்சிக் கூடம்போல் எனக்குத் தோன்றிற்று. பழைய வீட்டுத் திண்ணை இரண்டடி உயரம், வாசற்படி ஓரடி, அப்பால் தரை. முதலில் சுவரில் கை ஊன்றி நின்றபடி எடுப்பது, அது பதினைந்து வீதம் மூன்று முறை எளிதாக வந்தபின் திண்ணை, திண்ணையிலும் அவ்வாறே வந்தபின் படி, கடைசியில் தரை. ஒவ்வொரு நிலையிலும் எட்டு வீதம் மூன்று முறையில் தொடங்கி, வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ கூட்டிச் செல்லலாம். இன்னும் இரண்டு எடுக்க வலு இருக்கும்போதே நிறுத்திக்கொள்க. கை நடுங்கும் கடைசி இரண்டில்தான் முழங்கை விரிகிறது, இடுப்பு தொய்கிறது, மூட்டு அகப்படுகிறது.

வாரத்தில் மூன்று நாள் போதும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்க. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி வாரத்தில் இரண்டு நாளேனும் வேண்டும் என்றே கூறுகிறது. நாள்தோறும் என்று கூறவில்லை. விட்டுச் செய்வதற்குத் தக்க காரணம் உண்டு. தசைக்கு இரத்த ஓட்டம் மிகுதி. ஆதலின் சில வாரங்களிலேயே வலுக்கும். தசையை எலும்போடு பிணைக்கும் நாண் மெல்ல மெல்லவே வலுக்கும். அதற்குப் பல மாதங்கள் வேண்டும். இரண்டாம் மாதத்தில் தசை கூறுகிறது, “இன்னும் எடுக்கலாம்” என்று. நாணுக்கு அது தெரியாது. நம் இளைஞரின் தோள் கெட்டது இந்த இடைவெளியில்தான்.

மூட்டு தேய்ந்துவிடும் என்று அஞ்சிப் பயிற்சியையே விலக்குவோரும் உளர். அவ்வச்சமும் வேண்டா. எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டினுள் ஊறும் வழுவழுப்பான நீரே அதற்கு உணவு. மூட்டு அமுங்கியும் விடுபட்டும் அசையும்போதுதான் அந்நீர் குருத்தெலும்பினுள் புகுந்து வெளிவருகிறது. அளவாக அசையும் மூட்டுக்கு உணவு கிடைக்கிறது. அசையாத மூட்டு பட்டினி கிடக்கிறது.

“நாள் முழுதும் உழைக்கிறோமே, அது போதாதா?” என்று உழவரும் நெசவாளரும் கேட்பது இயல்பு. கேள்வி நியாயமானதே. உழைப்பு உடலை வலுப்படுத்துவது உண்மை. ஆனால் ஒரு பக்கமாக வலுப்படுத்துகிறது. தறியில் ஒரு கை இழுக்கிறது, மறு கை பலகையை அடிக்கிறது. தோள் தன் முழு வீச்சில் ஒரு பங்கைத்தான் நாள் முழுதும் திரும்பத் திரும்பச் செய்கிறது. கழுத்து முன்னே நீண்டு, மார்பு குறுகி, முதுகு வளைகிறது. மல்பெரி பறிப்பவரும் களை எடுப்பவரும் குனிந்த நிலையிலேயே இருக்கிறார்கள். உழைப்பின் அளவை முதலாளியோ பருவமோ தீர்மானிக்கிறது, தோள் தீர்மானிப்பதில்லை. பயிற்சியின் அளவை நாமே தீர்மானிக்கிறோம். இரண்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு அதுதான்.

இதனாலேயே குனிந்து உழைப்பவர் தண்டாலை மட்டும் எடுத்தால் போதாது என்று கருதுகிறேன். தண்டால் மார்பையும் தோளின் முன்பக்கத்தையும் வலுப்படுத்துவது. முன்பே முன்னோக்கி வளைந்த தோளை அது இன்னும் முன்னே இழுக்கக்கூடும். தள்ளும் பயிற்சி ஒன்றானால் இழுக்கும் பயிற்சியும் ஒன்று வேண்டும். முற்றத்துத் தூணில் உறுதியான துண்டு ஒன்றைச் சுற்றி, இரு முனைகளையும் பற்றி, காலைத் தூணுக்கருகே ஊன்றிப் பின்னே சாய்ந்து, முழங்கையை விலாவை ஒட்டி மடக்கி மார்பைத் தூணின் பக்கம் இழுத்துக்கொள்க. எத்தனை தண்டாலோ அத்தனை முறை இதையும் செய்தால் கணக்கு நேராகும். தூண் உறுதியானதா, துண்டு நைந்ததா என்று முன்னரே பார்த்துக்கொள்வது நன்று. துண்டு கிழிந்து மல்லாந்து விழுந்த ஓர் அன்பரை நான் அறிவேன். அவர் இக்கட்டுரையை எழுதுபவரே.

மணிக்கட்டைப் பற்றித் தனியே சிறிது சொல்ல வேண்டும். தரையில் உள்ளங்கையை ஊன்றும்போது மணிக்கட்டு ஏறத்தாழச் செங்கோணமாகப் பின்னே மடிகிறது. அரிவாள் பிடிப்பவருக்கும் தார் சுற்றுபவருக்கும் முன்பே அங்கு நோவு இருக்கக்கூடும். அத்தகையோர் மடித்த சாக்கின்மேல் கையை முட்டியாக மடக்கி ஊன்றலாம். அல்லது உருளாத வகையில் அடிப்பக்கம் தட்டையாகச் செதுக்கிய இரு கைப்பிடிக் கட்டைகளைப் பற்றிக்கொண்டு எடுக்கலாம். மணிக்கட்டு நேராக நிற்கும். ஊர்த் தச்சர் ஒரு மணி நேரத்தில் செய்து தருவார். திண்ணையின் விளிம்பைப் பற்றி எடுத்தாலும் மணிக்கட்டின் மடிப்புக் குறையும். எவராயினும் தொடங்குமுன் இரண்டு நிமிடம் மணிக்கட்டையும் தோளையும் மெல்லச் சுழற்றிக்கொள்க. விடியற்காலையில் படுக்கையிலிருந்து எழுந்தவுடன் எடுப்பதைவிட, மாடு கட்டி, தண்ணீர் எடுத்து, உடல் சற்றுச் சூடேறியபின் எடுப்பது நலம்.

வலிகள் இரு வகை. மறுநாளும் அதற்கு மறுநாளும் மார்பிலும் மேற்கையிலும் பரவலாகத் தோன்றி, தொட்டால் நோகும் வலி தசையினது, மூன்றாம் நாளுக்குள் தணியும், அஞ்ச வேண்டா. மூட்டில் ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டும்படி குத்துவதும், இரவில் அந்தப் பக்கம் படுக்கவொட்டாமல் எழுப்புவதும், விரல்களில் மரத்துப்போவதும் வேறு வகை. அவை தோன்றின அன்றே நிறுத்துக. இரண்டு வாரத்தில் தணியாவிடில் மருத்துவரைக் காண்க. கையை இழுத்துச் சுளுக்கெடுப்பது இதற்கு மருந்தாகாது. முன்பு தோள் நழுவியவர், நெஞ்சு வலி உடையவர், அழுத்தம் கட்டுப்படாதவர் ஆகியோர் மருத்துவரைக் கேட்டபின்னரே தொடங்க வேண்டும்.

பெண்டிர்க்கு இது உரியதன்று என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. காரணம் விளங்கவில்லை. குடம் சுமப்பதும் பாவுக்கு இழை கூட்டுவதும் அவர்களே. தோள் நோவும் அவர்களுக்கே மிகுதி என்பது வீடுகளில் கேட்டால் தெரியும். சுவரிலும் திண்ணையிலும் எடுக்கும் தண்டால் எவர்க்கும் ஏற்றது. அறுபது கடந்தவர் சுவரோடு நின்றுகொள்வதில் குறைவொன்றுமில்லை.

எண்ணிக்கைப் பித்துக்குத் துணையாகத் திடலில் ஒரு செய்தியைச் சொல்வார்கள். நாற்பது தண்டால் எடுப்பவனுக்கு மாரடைப்பே வராது என்பது அது. இதன் மூலம், 2019இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு ஒன்று. இண்டியானா மாநிலத்துத் தீயணைப்பு வீரர் 1,104 பேரைப் பத்தாண்டுகள் கவனித்ததில், நாற்பதுக்கு மேல் எடுக்க வல்லவர்க்கு, பத்துக்கும் குறைவாக எடுத்தவரைக் காட்டிலும், இதயக் கோளாறுகள் மிகமிகக் குறைவாகவே நேர்ந்தன. செய்தி மெய்யே. ஆயினும் அவர்கள் யாவரும் ஆடவர், கடும் உழைப்புத் தொழிலினர். நாற்பது எடுக்க முடிவது நல்ல உடல்நிலைக்கு அடையாளம் எனக் கொள்ளலாம். நாற்பது எடுத்ததால்தான் அந்நிலை வந்தது என்று அவ்வாய்விலிருந்து கொள்ள இயலாது. இலாபம் ஈட்டும் சங்கத்தில் புதிய நாற்காலிகள் இருக்கும். நாற்காலிகளை வாங்கியதால் இலாபம் வந்துவிடாது.

அந்த இளைஞரை அரசு மருத்துவமனைக்குச் செல்லுமாறு அன்றே வற்புறுத்தினேன். நாண் அறுந்துவிடவில்லை, வீக்கமே என்று அங்குக் கூறினார்களாம். இயன்முறைப் பயிற்சி கற்பித்தார்கள். மேலும் ஐந்து வாரம் கழித்துத் தறியில் அமர்ந்தார். முதலில் அரை நாள், பிறகு முழு நாள். வட்டியைக் கட்டிக் கடனைப் புதுப்பிக்க உறவினர் ஒருவர் உதவினார். கார்த்திகையில் சுவரில் கை ஊன்றத் தொடங்கினார். நான் எழுதிக் கொடுத்த அளவுகளைத் தறியின் அருகே சுவரில் ஒட்டிவைத்திருந்தார்.

சென்ற மாதம் அவ்வழியே சென்றபோது திண்ணையில் பன்னிரண்டு வீதம் எடுத்துக்கொண்டிருந்தார். முழங்கை விரியவில்லை, மேலே அந்த ஒரு விரற்கடையையும் தள்ளினார். அவருடைய தாயார் தார் சுற்றுவதை நிறுத்திவிட்டு விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். “தரைக்கு எப்போது?” என்று கேட்டேன். “தீபாவளி போகட்டுங்க சார், இப்போ தறியிலே வேலை நெறைய இருக்கு” என்றார்.